போலந்தில் புத்தாண்டு: புலம்பிவிட்டுக் கொண்டாட ஒரு கையேடு

போலந்தில் புத்தாண்டுக்கான ஏற்பாடுகளை அக்டோபர் கடைசியிலேயே தொடங்கிவிட வேண்டும். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. "சில்வெஸ்தருக்கு என்ன செய்யப்போகிறாய்?" என்று எதிரே வருகிறவர் கேட்பதற்குள் நீங்கள் முந்திக்கொண்டு அவரைக் கேட்டுவிட வேண்டும், அவ்வளவுதான். கேட்டவர் தப்பித்தார். பதில் சொல்ல வேண்டியவர் மாட்டிக்கொண்டார். "இன்னும் முடிவு செய்யவில்லை" என்று நவம்பரில் சொல்லலாம். டிசம்பர் நடுவில் அதையே சொன்னால், நண்பர்கள் இல்லாத ஆள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

டிசம்பர் 31-க்கு அங்கே சில்வெஸ்தர் என்றுதான் பெயர். 335-ஆம் ஆண்டு அதே தேதியில் காலமான முதலாம் சில்வெஸ்தர் என்ற போப்பாண்டவரின் திருநாள் அது. ஆனால் கொண்டாட்டம் எப்படி வந்தது என்பதற்கு அவர்கள் சொல்லும் கதை வேறு. கி.பி. 1000 பிறக்கும்போது உலகம் அழியும் என்று ஒரு பேச்சு. லெவியத்தான் என்ற ராட்சசப் பாம்பை முதலாம் சில்வெஸ்தர் பாதாளத்தில் அடைத்துவைத்திருந்தாராம். அது அந்த நள்ளிரவில் விழித்துக்கொண்டு வானத்தையும் பூமியையும் எரித்துவிடும் என்று ரோமாபுரியே நடுங்கியதாம். அப்போது போப்பாக இருந்தவர் இரண்டாம் சில்வெஸ்தர் என்பதால் பயம் இன்னும் கூடிப்போனது. நள்ளிரவு வந்தது, போனது. பாம்பைக் காணவில்லை. அழுதுகொண்டிருந்த ஜனங்கள் தெருவில் இறங்கி ஆட ஆரம்பித்துவிட்டார்கள். வரலாற்று ஆசிரியர்கள் இந்தக் கதையை நம்புவதில்லை. நீங்கள் நம்புங்கள். போலந்துப் புத்தாண்டின் இலக்கணம் முழுவதும் இதில் இருக்கிறது: மோசமானது நடக்கப்போகிறது என்று முதலில் உறுதியாக எதிர்பார்க்க வேண்டும், நடக்காவிட்டால் ஆட வேண்டும்.

போலந்துக்காரர் ஒருவரிடம் "சௌக்கியமா?" என்று கேட்டுப் பாருங்கள். "ஸ்தாரா பியெதா" என்பார். அதே பழைய தரித்திரம்தான் என்று பொருள். பிறகு முதுகுவலி, தாமதமாக வந்த ரயில், சிறப்பு மருத்துவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருப்பது, அரசாங்கம் என்று ஒவ்வொன்றாக வரும். இதை நட்பின் அடையாளமாக எடுத்துக்கொள்ள வேண்டும், மருந்து சொல்லக் கூடாது. இப்படிப்பட்ட ஒரு சமூகம், வருடத்தில் ஒரே ஒரு இரவு மட்டும் எல்லோரும் சந்தோஷமாக இருந்தே தீர வேண்டும் என்று தனக்குத்தானே உத்தரவு போட்டுக்கொண்டிருக்கிறது. அந்த உத்தரவைக் காயமில்லாமல் நிறைவேற்றுவது எப்படி என்று பார்ப்போம்.

கிறிஸ்துமஸோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிசம்பர் 24 இரவு கடவுளுக்கும் குடும்பத்துக்கும் உரியது. இறைச்சி இல்லாத 12 பதார்த்தங்கள், எதிர்பாராமல் வரும் விருந்தாளிக்கென்று கூடுதலாக ஒரு தட்டு, நள்ளிரவுத் திருப்பலி. 2025 முதல் அந்த நாளையும் சட்டப்படி விடுமுறை ஆக்கிவிட்டார்கள். அடுத்த இரண்டு நாட்கள் முன்பே விடுமுறை. ஆக மூன்று நாள் பெரியப்பா, சித்தி, "எப்போது கல்யாணம்?" எல்லாவற்றையும் தாங்கிய மனிதருக்கு, அடுத்த வாரமே சொந்தபந்தத்தின் முகத்தில் விழிக்கத் தெம்பு இருக்காது. அதனால் 31 நண்பர்களுக்கு. மாமியார் வீட்டில் சில்வெஸ்தர் என்று யாராவது சொன்னால் அனுதாபத்தோடு தோளைத் தட்டுங்கள்.

கிறிஸ்துமஸிலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் கூட எடுத்துவரலாம். பண்டிகைக்கு வெட்டிய கெண்டை மீனின் செதிலைக் கழுவிக் காயவைத்துப் பணப்பையில் வைத்துக்கொண்டால் வருடம் முழுவதும் காசு தங்கும் என்பது நம்பிக்கை. செதில் தங்குகிறது, அதற்கு நானே சாட்சி.

31-ஆம் தேதி பகலில் செய்ய வேண்டியவை கொஞ்சம் உண்டு. கடனை அடைக்க வேண்டும். அலமாரியில் மாவும் சர்க்கரையும் நிறைந்திருக்க வேண்டும். பையில் காசு இல்லாமல் நள்ளிரவைத் தாண்டக் கூடாது. வீடு பளிச்சென்று இருக்க வேண்டும், ஆனால் அன்றைக்குக் கூட்டவே கூடாது, அதிர்ஷ்டமும் குப்பையோடு வெளியே போய்விடும். இந்த இரண்டையும் சேர்த்துக் காப்பாற்ற ஒரே வழி 30-ஆம் தேதி இரவு முதுகு ஒடியக் கூட்டுவது. அதைப் பற்றி 31 அன்று விருந்தில் புலம்பலாம், விஷயம் வீணாகாது. கடைகளை அன்று சீக்கிரம் சாத்திவிடுவார்கள். ஜனவரி 1 பொது விடுமுறை, பெரிய கடைகள் சட்டப்படி மூடியே இருக்க வேண்டும். உரிமையாளரே கல்லாவில் நின்றால் திறக்கலாம் என்று ஒரு சலுகை இருப்பதால், பச்சைத் தவளைப் படம் போட்ட ஜாப்கா கடைகள் சில திறந்திருக்கும். முந்தின இரவின் களைப்போடு நிற்கும் அந்த உரிமையாளரிடம் புத்தாண்டு வாழ்த்து சொல்லும்போது குரலைத் தாழ்த்திச் சொல்லுங்கள்.

வார்சாவில் அன்று பிற்பகல் மூன்றரைக்கெல்லாம் சூரியன் போய்விடும். விருந்து தொடங்குவது எட்டுக்கு. நடுவில் உள்ள நான்கரை மணி நேர இருட்டில்தான் பெரும்பாலான போலந்துக்காரர்கள், "பேசாமல் வீட்டிலேயே இருந்திருக்கலாம்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். இது ஒரு சடங்கு. தவறவிடாமல் நீங்களும் ஒருமுறை சொல்லிவிட்டுப் புறப்படுங்கள்.

எங்கே போவது

நடன விருந்துக்குப் போகலாம். நகரத்தில் ஓட்டல்களிலும், கிராமத்தில் தன்னார்வத் தீயணைப்புப் படையின் கூடத்திலும் நடக்கும். கிராமத்துக் கல்யாணமும் கூட்டமும் நடக்கிற அதே கூடம்தான். நுழைவுச்சீட்டின் விளம்பரத்தில் பாட்டுக்குழுவின் பெயரைப் பார்க்காதீர்கள், எத்தனை சூடான பதார்த்தம், ஒரு ஜோடிக்கு எவ்வளவு வோட்கா என்ற இரண்டு எண்களைப் பாருங்கள். எல்லோரும் அதைத்தான் பார்க்கிறார்கள். பெண்கள் ஜிகினா வைத்த உடை வாங்கியிருப்பார்கள், சிகை அலங்காரத்துக்கு முன்கூட்டியே இடம் பிடித்திருப்பார்கள். ஆண்கள் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டை மாட்டிக்கொண்டு, மூச்சை இழுத்துப் பொத்தானைப் போட்டு, அன்றிரவு முழுவதும் அப்படியே நிற்பார்கள்.

மலைக்குப் போவது இரண்டாவது வழி. மலை என்றால் தத்ரா, ஊர் என்றால் ஸாகோபானே. கிராக்கூஃபிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர். பனி மூடிய மலையடிவாரம், மரவீடு, கணப்பு என்று மனத்தில் ஒரு படம் ஓடும். முதலில் ஸாகோபியான்கா என்ற நெடுஞ்சாலையில் ஊர்ந்துகொண்டு போக வேண்டும். அந்த நெரிசலைக் குறைக்க 2022 நவம்பரில் இரண்டு கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை ஒன்றைத் திறந்தார்கள். நெரிசல் இப்போது சுரங்கத்தை மிகவும் வேகமாகக் கடந்து அந்தப் பக்கம் போய் நிற்கிறது.

ஊருக்குள் போனதும் குருப்பூஃப்கி என்ற கடைத்தெருவில் கூட்டத்தோடு கூட்டமாக நகருங்கள். நடக்க வேண்டியதில்லை, பின்னால் வருகிறவர்கள் தள்ளிக்கொண்டு போவார்கள். வெள்ளைக் கரடி வேஷம் போட்ட ஒருவர் தோளில் கை போடுவார். படம் எடுத்துக்கொண்டால் காசு கொடுக்க வேண்டும். "மின்சாரம் போட்ட தேநீர்" என்று பலகையில் பார்த்தால் பயப்பட வேண்டாம், சாராயம் கலந்த தேநீர். சுட்ட ஓஸ்த்ஸிப்பெக் பாலாடைக்கட்டியைச் சிவப்புப் பழ ஜாமோடு வாங்கித் தின்னலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் புவிசார் பாதுகாப்புக் கொடுத்த பண்டம், மலைச் செம்மறியின் பாலில் செய்வது. செம்மறிகள் கோடையில்தான் பால் தரும், நீங்கள் போயிருப்பதோ டிசம்பர் கடைசியில். இந்தக் கணக்கைக் கடைக்காரரிடம் போட்டுக் காட்டாதீர்கள். அவர் மலைக்காரர், உங்களைவிட நன்றாகப் பேசுவார்.

விலை அதிகமாக இருக்கும். இருக்க வேண்டும். சுற்றுலாத் தலங்களில் கொடுத்த பில்லைப் படம்பிடித்துப் போடுவது போலந்துப் பத்திரிகைகளில் தனி ஒரு செய்தி வகையாகவே வளர்ந்திருக்கிறது. "திகில் ரசீதுகள்" என்று அதற்குப் பெயர். ஸாகோபானே போய்விட்டு ஒரு திகில் ரசீதுகூட இல்லாமல் திரும்பினால், அலுவலகத்தில் உங்களிடம் கேட்க ஒன்றும் இருக்காது. ஆகவே சூப்பை விலை கேட்காமல் வாங்குங்கள்.

மூன்றாவது, மைதானத்தில் நின்று கச்சேரி கேட்பது, அல்லது அதையே தொலைக்காட்சியில் பார்ப்பது. போலந்துத் தொலைக்காட்சிகள் இந்த ஓர் இரவுக்காக ஒன்றோடொன்று மோதிக்கொள்கின்றன. அரசுத் தொலைக்காட்சியான டிவிபி 2016-இல் ஸாகோபானேயில் "கனவுகளின் சில்வெஸ்தர்" என்ற மேடையைப் போட்டது. தனியார் நிறுவனமான போல்சாட் அதே நேரத்தில் வேறொரு நகரத்தில் இன்னொரு மேடை. யாருக்குப் பார்வையாளர் அதிகம் என்று மறுநாள் இருவரும் வெற்றி அறிவிப்பார்கள். வெளிநாட்டு நட்சத்திரம் ஒருவரையாவது இறக்க வேண்டும் என்பது மரபு, அதில் வில்லங்கமும் வரும். 2022-இல் டிவிபி அழைத்திருந்த மெல் சி கடைசி நேரத்தில் வரமாட்டேன் என்றுவிட்டார். வந்த பிளாக் ஐட் பீஸ் குழுவினர் கையில் வானவில் பட்டை கட்டிக்கொண்டு மேடையேறினார்கள். பழமைவாத அரசின் கைக்குள் இருந்த தொலைக்காட்சியில் அந்தப் பட்டை நேரலையில் போனது. பாதி நாடு கைதட்டியது, பாதி நாடு கொதித்தது. பாட்டு எப்படி இருந்தது என்று சொல்ல ஆளில்லை.

இந்த மேடைகளின் நிரந்தர மன்னர் ஸெனெக் மார்த்தினியுக். அக்செந்த் குழுவின் பாடகர், டிஸ்கோ போலோ என்ற இசையின் அரசர். 1990-களில் கல்யாணக் கூடங்களிலும் சந்தைக் கேசட்டுகளிலும் வளர்ந்த இசை அது: மின்விசைப்பலகை, எளிய தாளம், ஏமாந்த காதல். இதில் ஒரு விதியைக் கவனமாகக் கடைப்பிடிக்க வேண்டும். இரவு பதினொன்று வரை டிஸ்கோ போலோவைக் கேவலமாகப் பேச வேண்டும், குறிப்பாகப் படித்தவர்கள் இருக்கும் அறையில். பதினொன்றுக்கு மேல் பச்சைக் கண்களைப் பற்றிய அவருடைய பாட்டு ஒலித்தால், ஒரு சொல் விடாமல் உரக்கப் பாட வேண்டும். அந்தப் பாட்டை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அவர்களும் அங்கேதான் கற்றார்கள்.

கம்பளியைப் போர்த்திக்கொண்டு சோபாவில் படுத்து, பத்தரைக்குத் தூங்கிப்போவதும் ஒரு வழி. உள்ளூர எல்லோருக்கும் ஆசை இதுதான். வெளியே சொல்லக் கூடாது.

தொமூஃப்கா

என்னைக் கேட்டால் மேலே சொன்ன எதுவும் வேண்டாம். யாராவது ஒரு நண்பரின் அடுக்குமாடி வீட்டில் நடக்கும் விருந்துக்குப் போங்கள். அதற்குத்தான் தொமூஃப்கா என்று பெயர். ஆளுக்கொரு பதார்த்தம், ஆளுக்கொரு புட்டி என்று பங்கு போட்டு நடக்கும். யார் என்ன கொண்டுவருவது என்று இரண்டு வாரத்துக்கு முன்பே குழு ஒன்று தொடங்கி விவாதிப்பார்கள். கடைசியில் ஐந்து பேர் ஒரே சாலட்டைக் கொண்டுவருவார்கள்.

வாசலில் இரண்டு கண்டங்கள் இருக்கின்றன. நிலைப்படிக்கு இந்தப் பக்கம் நின்றபடி அந்தப் பக்கம் நிற்பவரிடம் கைகுலுக்கக் கூடாது, உறவு முறிந்துவிடும். உள்ளே காலை வைத்த பிறகுதான் கை. அடுத்தது, செருப்பு. போலந்து வீட்டுக்குள் வெளிக்காலணியோடு போவது வழக்கமில்லை, வீட்டுக்காரர் விருந்தினருக்கென்று வைத்திருக்கும் துணிச்செருப்பு ஒன்றைத் தருவார். ஜிகினா உடை, காதில் தொங்கட்டான், காலில் யாருடைய தாத்தாவோ போட்டுத் தேய்ந்த கட்டம்போட்ட செருப்பு என்று ஒரு பெண்மணி நின்றால் ஆச்சரியப்படாதீர்கள். விவரம் தெரிந்தவர்கள் வீட்டுக்குள் போட மட்டும் இன்னொரு ஜோடி காலணி பையில் கொண்டுவருவார்கள்.

தாமதமாகப் போகாதீர்கள். மற்றவர்கள் இதுவரை குடித்த அளவை எட்டிப்பிடிக்க வேண்டும் என்று உங்களுக்கு ஒரு தண்டனைக் கோப்பை ஊற்றுவார்கள், கார்னியாக் என்று பெயர். வோட்காவை உறைபெட்டியில் வைத்துக் குளிரக் குளிர எடுத்து, 50 மில்லி கோப்பையில் ஊற்றி, ஒரே மடக்கில் குடிப்பார்கள். அதோடு கட்டாயம் ஒரு கடி இருக்க வேண்டும்: ஊறுகாய் வெள்ளரி, எண்ணெயில் வெங்காயத்தோடு ஊறிய ஹெர்ரிங் மீன். கோப்பையை உறிஞ்சி உறிஞ்சிக் குடித்தால் மருத்துவரிடம் காட்டச் சொல்வார்கள். குடிக்காதவரா? அதற்கும் வழி உண்டு. "வண்டி ஓட்ட வேண்டும்" என்றால் ஒருவரும் வற்புறுத்த மாட்டார்கள். குழந்தைகளுக்கென்று பிக்கோலோ என்ற பழச்சுவைப் பானம் விற்கிறது, ஷாம்பெயின் புட்டியைப் போலவே வடிவம், திறந்தால் அதேபோல் நுரை. நள்ளிரவில் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றால் ஆறு வயதுக் குழந்தைகளின் மரியாதை உங்களுக்குக் கிடைக்கும்.

இப்போது சாலட். காய்கறிச் சாலட் என்பது உருளைக்கிழங்கு, காரட், பார்ஸ்லி வேர், செலரிக் கிழங்கு, பட்டாணி, முட்டை, ஊறுகாய் வெள்ளரி எல்லாவற்றையும் பட்டாணி அளவுக்கு நறுக்கி மயோனைஸில் பிசைந்தது. இதை நறுக்குவதற்கு ஒரு மாலை நேரம் முழுவதும் ஆகும். "நாலு பேருக்குத்தான்" என்று தொடங்கி, வீட்டில் உள்ள மிகப் பெரிய பாத்திரத்தில் முடியும். சின்ன அளவில் இதைச் செய்த மனிதர் இதுவரை பிறக்கவில்லை. ஆப்பிள் சேர்க்கலாமா கூடாதா என்பதில் குடும்பங்கள் பிரிந்திருக்கின்றன. அதைவிடப் பெரிய பிளவு மயோனைஸில். கியெல்ட்ஸே நகரத்தில் 1959 முதல் தயாராகும் கியெலெத்ஸ்கி ஒரு கட்சி. காலிஷ் நகரத்து வினியாரி, இப்போது நெஸ்லேயின் கையில் இருப்பது, மறு கட்சி. முன்னது கொஞ்சம் புளிப்பும் கடுகுக் காரமுமாக இருக்கும், பின்னது சாது. எது வேண்டும் என்று உங்களைக் கேட்டால், அது ருசியைப் பற்றிய கேள்வி அல்ல என்று புரிந்துகொள்ளுங்கள். வீட்டுக்காரரின் குளிர்பெட்டியை முதலில் திறந்து பார்த்துவிட்டுப் பதில் சொல்லுங்கள். மூலையில் ஒருவர் மட்டும் கெண்ட்ஷின் ஊர் மயோனைஸ்தான் உசத்தி என்று சொல்லிக்கொண்டிருப்பார். அவரை யாரும் எதிர்க்க மாட்டார்கள், பாவம் என்று விட்டுவிடுவார்கள்.

பன்றிக்கால் வேகவைத்த சாறு உறைந்து கட்டியாகி நடுவில் இறைச்சித் துண்டு தெரியும் ஒரு பதார்த்தமும் மேசையில் நடுங்கிக்கொண்டிருக்கும். "குளிர்ந்த கால்கள்" என்று அழைப்பார்கள். வினிகர் தெளித்துச் சாப்பிட வேண்டும். முதல் வாய்க்கு முன்னால் அதை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். சைவம் சாப்பிடுகிறவர்கள் பீட்ரூட் சாற்றுச் சூப்பான பார்ஷ்ச் வந்ததும் நிம்மதி அடைவார்கள். நள்ளிரவுக்கு மேல் சூடாக, கோப்பையில் ஊற்றி வரும். இறைச்சிச் சாறு கலந்ததா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். "இல்லவே இல்லை, எலும்பு மட்டும்தான் போட்டேன்" என்று அன்போடு பதில் வரும்.

முன்பின் தெரியாதவர்களிடம் போலந்து மொழியில் பெயர் சொல்லிப் பேச முடியாது. ஆணுக்குப் பான், பெண்ணுக்குப் பானி என்று மரியாதை போட்டுத்தான் பேச வேண்டும். நாம் "நீங்கள்" என்பதிலிருந்து "நீ"க்கு எப்போது இறங்கினோம் என்றே தெரியாமல் இறங்கிவிடுவோம். அவர்கள் அதற்கு ஒரு விழாவே வைத்திருக்கிறார்கள், புருதெர்ஷாஃப்ட் என்று. வயதில் மூத்தவரோ பெண்ணோதான் முதலில் கேட்க வேண்டும். இருவரும் கோப்பை பிடித்த கைகளைக் கோத்துக்கொண்டு குடித்து, கன்னத்தில் முத்தமிட்டு, தங்கள் பெயரைச் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகு ஆயுள் முழுவதும் ஒருமைதான். மேலதிகாரி இருக்கும் விருந்தில் இதைப் பற்றி யோசித்துச் செய்யுங்கள். ஜனவரி 2 காலை அவர் உங்களை எப்படிக் கூப்பிடப்போகிறார் என்று அவருக்கே நினைவிருக்காது.

பத்தரை மணிக்கு மேல் கூடத்தில் விளக்கு, இசை, இடம் எல்லாம் இருக்கும், ஆட்கள் இருக்க மாட்டார்கள். எல்லோரும் சமையலறைக்குள் இருப்பார்கள். ஏன் என்று எனக்குக் காரணம் தெரிந்தாலும் சொல்லமாட்டேன், நீங்களே போய் நின்று பாருங்கள். ஆறு சதுர மீட்டரில் பதினோரு பேர், ஒருவர் பாத்திரம் கழுவும் தொட்டியின் விளிம்பில், ஒருவர் குளிர்பெட்டியில் சாய்ந்தபடி, அதனால் அதை யாரும் திறக்க முடியாமல். அங்கேதான் உண்மையான பேச்சு நடக்கும். வாடகை, விவாகரத்து, பெற்றோரின் உடல்நலம், தேர்தல், போன வருடம் எவ்வளவு மோசம், அதற்கு முந்தின வருடம் அதைவிட எவ்வளவு மோசம். சொல்பவரும் சிரிப்பார், கேட்பவரும் சிரிப்பார். உத்தரவுப்படி வர வேண்டிய சந்தோஷம் கூடத்துக்கு வராமல் இங்கே வந்து நிற்கிறது. நீங்கள் கூடத்தில் தனியாக ஆடிக்கொண்டிருந்தால் அதைப் பார்க்கவே முடியாது.

பன்னிரண்டு

எட்டு மணி வாக்கில் குடியரசுத் தலைவர் தொலைக்காட்சியில் புத்தாண்டு உரை நிகழ்த்துவார். ஓடிக்கொண்டிருக்கட்டும். தேவாலயத்தில் மாலையில் ஆண்டிறுதி நன்றி வழிபாடு நடந்திருக்கும், பாட்டி போய் உங்களுக்கும் சேர்த்து வேண்டிக்கொண்டிருப்பார்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது புட்டி திறப்பான் காணாமல் போக வேண்டும், எல்லோரும் தேட வேண்டும். அப்புறம் பத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ஷாம்பெயின் என்று சொல்லிக்கொள்ளும் இனிப்பு நுரை மதுவை ஊற்றிக்கொண்டு, மேல்கோட்டை மாட்டியும் மாட்டாமலும் தெருவில் இறங்குவார்கள். செருப்பு மாற்ற மறந்தவர்கள் தாத்தா செருப்போடு பனியில் நிற்பார்கள். "தோ ஷெகோ ரோகு!" என்று கத்திக்கொண்டு ஒவ்வொருவரையும் தனித்தனியே கட்டிப்பிடித்து, ஒவ்வொருவருக்கும் தனி வாழ்த்து சொல்ல வேண்டும். மொத்தமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. வரிசை இதுதான்: முதலில் ஆரோக்கியம், அடுத்து பணம், அடுத்து காதல். முப்பதைத் தாண்டியவர்கள் ஆரோக்கியத்தோடு நிறுத்திக்கொள்வார்கள், மற்றதெல்லாம் தானே வரும் என்பார்கள். முடிக்கும்போது, "இந்த வருடத்தைவிட மோசமாக இல்லாமல் இருந்தால் சரி" என்று சேர்த்துக்கொள்ளுங்கள். அதைவிட உயர்ந்த வாழ்த்து போலந்தில் கிடையாது.

வாணவேடிக்கை ஏராளம். பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்குத்தான் விற்க வேண்டும், ஆனால் கொளுத்துகிறவர்களைப் பார்த்தால் வயது ஏறியதன் அடையாளம் எதுவும் தெரியாது. வார்சா போன்ற நகரங்கள் அதிகாரபூர்வ வாணவேடிக்கையை விட்டுவிட்டு ஒளிக்காட்சிக்கு மாறின, காரணம் நாய்கள். போலந்துக்காரர்களின் நாய்ப்பாசம் கடுமையானது. "சில்வெஸ்தரில் நான் வெடிப்பதில்லை" என்று இயக்கமே நடக்கிறது. விருந்துக்கு வராதவர்களில் ஒரு பங்கினர், நாயைக் கட்டிக்கொண்டு குளியலறைத் தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். விருந்தைத் தவிர்க்க விரும்புகிறவர்கள் இதைக் கவனித்திருப்பீர்கள். நாய் வளர்ப்பதற்கு அது ஒரு காரணமாக ஆகாது என்று நான் சொல்லவில்லை.

கிராமப்புறங்களில் முன்பு வெடி தேவைப்படவில்லை, வாலிபர்கள் இருந்தார்கள். சில்வெஸ்தர் இரவில் குறும்பு செய்ய அவர்களுக்கு அனுமதி உண்டு: வாசல்கதவைக் கழற்றிப் பக்கத்துக் கிராமத்தில் வைப்பது, ஜன்னல் கண்ணாடியில் சுண்ணாம்பு அடித்து உள்ளே இருப்பவர் விடிந்ததே தெரியாமல் தூங்கச் செய்வது. இதன் உச்சம், ஒரு குதிரை வண்டியைப் பாகம் பாகமாகப் பிரித்துத் தானியக் கொட்டகையின் கூரைக்கு ஏற்றி, மேலே மறுபடியும் பூட்டி நிறுத்துவது. சத்தமில்லாமல், இருட்டில், பனி வழுக்கும் கூரையில். அதே வாலிபர்களைப் பகலில் ஒரு சக்கரம் மாற்றச் சொன்னால் முதுகு வலிக்கிறது என்பார்கள்.

தெற்கே ஜிவியெட்ஸ் பக்கம் இன்றைக்கும் விடிய விடிய யுகாட்ஸே வேஷக்காரர்கள் வருகிறார்கள். உயரமான கூம்புத் தொப்பி, தோல் முகமூடி, உடம்பில் மணிகள், கையில் நீளமான சாட்டை. சாட்டையைச் சொடுக்கிப் பழைய வருடத்தை ஓட்டுகிறார்கள். சுற்றியுள்ள கிராமங்களில் கரடி, சாத்தான், மரணம் என்று வேறு வேஷக் கூட்டங்களும் உண்டு, முகத்தில் கரி பூசிவிடுவார்கள். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு போகாதீர்கள். வடகிழக்கே குர்ப்யே பகுதியில் இதெல்லாம் இல்லாமல் அமைதியாக மாவில் விலங்குகள் பிடித்துச் சுடுகிறார்கள். வட்டமாக வாத்துகள், நடுவில் மேய்க்கும் பெண் என்று ஒன்று உண்டு. அதற்குப் "புது வருடக் குட்டி" என்று பெயர், வீட்டில் வைத்தால் நல்லது. தின்ன நினைக்காதீர்கள், அது பல் மருத்துவருக்குத்தான் நல்லது.

ஜனவரி 1

வருடத்தின் முதல் நாள் எப்படியோ வருடம் முழுதும் அப்படியே என்பது அங்கே பழமொழி. ஆகவே அன்று அதிகாலையில் எழ வேண்டும், சண்டை போடக் கூடாது, கடன் கேட்கக் கூடாது. கத்தோலிக்கருக்கு அது மாதாவின் பெருவிழாவும்கூட, கோவிலுக்குப் போவது கடமை. வாலிபக் கோளாறு உள்ள சிலர் பால்டிக் கடலிலோ ஏரியிலோ உறைகுளிரில் முக்குளிக்கப் போவார்கள். போய்விட்டு வந்து அதைப் பற்றி மார்ச் வரை பேசுவார்கள். மற்றவர்கள் பதினொன்றரைக்குக் கண்ணைத் திறந்து உடனே மூடிக்கொள்வார்கள்.

தலைவலிக்கு மருந்து குளிர்பெட்டியில் இருக்கிறது. வெள்ளரி ஊறுகாய் ஜாடியின் அடியில் உள்ள உப்புப் புளிப்புத் தண்ணீர், நம் வீட்டு நீராகாரம் செய்கிற வேலையைச் செய்யும். ஜாடியோடு வாயில் வைத்துக் குடிப்பதே முறை. அடுத்தது கெஃபிர் என்ற புளித்த பால். மதியத்துக்குக் கோழிச்சாறு, இல்லாவிட்டால் கம்பு மாதிரியான ரை தானியத்தின் மாவைப் புளிக்கவைத்த ஜுரெக் சூப். இந்த மூன்றையும் தாண்டியும் தலை வலித்தால் அது வயதினால் வருவது.

பிற்பகலில் எல்லோரும் சோபாவில் இருக்க வேண்டும். ஜெர்மனியின் கார்மிஷ்-பார்டென்கிர்ஹெனில் பனிச்சறுக்குத் தாண்டல் போட்டி நடக்கும், நான்கு குன்றுத் தொடரின் இரண்டாவது கட்டம். போலந்தின் ஆதாம் மாவிஷ் 2001-இல் அந்தத் தொடரை வென்றதிலிருந்து இது தேசிய வழிபாடாகிவிட்டது. கமில் ஸ்டோக் மூன்று தடவை தொடரை வென்றார், 2018-இல் நான்கு குன்றிலும் முதலிடம். ஒரு தொடரில் அப்படிச் செய்தவர் அவருக்கு முன் ஸ்வென் ஹன்னவால்ட் ஒருவர்தான். தாவித் குபாட்ஸ்கி 2021 புத்தாண்டன்று கார்மிஷிலேயே 144 மீட்டர் தாண்டி ஜெயித்தார். வீரர் மேடையில் உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்யும்போது யாரும் மூச்சு விடக் கூடாது. தாண்டி முடித்ததும் காற்றின் திசை, நடுவர்களின் மதிப்பெண், முழங்கால் மடங்கிய கோணம் எல்லாவற்றிலும் கருத்து சொல்ல வேண்டும். சோபாவிலிருந்து இரண்டு மீட்டர்கூடத் தாண்டாதவர்களுக்கு இதில் தனி அதிகாரம் உண்டு. நம்மவர் ஜெயித்துவிட்டால் கொஞ்சம் தடுமாற்றமாக இருக்கும், ஒரு நிமிடம் என்ன பேசுவது என்று தெரியாது. தோற்றுவிட்டால் பயிற்சியாளர், சம்மேளனம், பருவநிலை, பிறகு அங்கிருந்து வழக்கம்போல் ரயில்களும் மருத்துவமனைகளும் என்று பேச்சு தடையில்லாமல் போகும். முதல் நாள் செய்ததையே வருடம் முழுவதும் செய்ய வேண்டும் என்ற விதியும் இத்தோடு நிறைவேறிவிடும்.

எல்லோரும் ஆளுக்கொரு கரண்டியோடு அந்தப் பெரிய பாத்திரத்திலிருந்தே சாலட்டைத் தின்றுகொண்டிருப்பார்கள். பாதிக்கு மேல் மீதி இருக்கும். நாளைக்குள் முடித்துவிடுங்கள், எந்தக் கட்சி மயோனைஸாக இருந்தாலும் அதற்கு மேல் தாங்காது.